பேண்ட் வந்துவிட்டது, புரதம் வந்ததா? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழைப் படிக்காதவர்களுக்கு முதலில் நாலு வரி. டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்று ஒரு என்சைம் குடும்பம் இருக்கிறது. கால்சியம் கிடைத்தால் ஒரு புரதத்தின் குளூட்டமினையும் இன்னொரு புரதத்தின் லைசினையும் பிடித்து நிரந்தரமாகக் கோத்துவிடும். அந்தப் பிணைப்பு சோப்புக்கும் பிரியாது, கொதிக்கவைத்தாலும் பிரியாது. மேல்தோல் செல்கள் செத்துச் செதிலாவதற்கு முன்னால் இன்வோலுக்ரின், லோரிக்ரின் போன்ற புரதங்களை இப்படிக் கோத்து, தங்கள் சவ்வுக்கு அடியில் சுமார் 15 நானோமீட்டர் தடிமனில் ஒரு உறை போட்டுக்கொள்கின்றன. உடம்புத் தண்ணீர் வெளியே போகாமலும் வெளித்தண்ணீர் உள்ளே வராமலும் இருப்பதற்கு அந்த உறை ஒரு முக்கியக் காரணம். இந்த வேலையில் பெரும்பங்கு டிஜிஎம்1 என்கிற உறுப்பினருடையது, கூடவே டிஜிஎம்3, டிஜிஎம்5 இரண்டும் உண்டு. டிஜிஎம்1 எங்கே இருக்கிறது என்று காட்டிக்கொடுக்கிற ஆன்டிபாடியைப் பற்றி அந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பத்தி எழுதினேன், வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். ஆன்டிபாடி என்பது குறிப்பிட்ட ஒரு புரதத்தைத் தேடிப்பிடித்து ஒட்டுகிற புரதம். செல்லின் புரதங்களை ஜெல்லில் எடைவாரியாகப் பிரித்து ஆன்டிபாடி போட்டுத் தேடுவது வெஸ்டர்ன் பிளாட், அது ஒட்டிய இடத்தில் தெரிகிற கோடு பேண்ட், ஒவ்வொரு சாம்பிளும் ஓடுகிற வரிசை லேன், எடையின் அலகு கிலோடால்டன்.

டிஜிஎம்1க்கு எதிரான சுண்டெலி மோனோகுளோனல் ஆன்டிபாடி ஒன்று வாங்கினோம். ஹாகேட் என்கிற மனித மேல்தோல் செல்லில் வெஸ்டர்ன் பிளாட் போட்டால் 90 கிலோடால்டன் பக்கத்தில் ஒரு பேண்ட், 67இல் ஒன்று, 50இல் ஒன்று. ஒப்பீட்டுக்கு வைத்த ஃபைப்ரோபிளாஸ்ட் (உள்தோல் செல்) லேனிலும் 80 பக்கம் மங்கலாக ஏதோ தெரிகிறது. ஆன்டிபாடி மோசம், வேறு வாங்கு என்கிறார் கைடு. கிராண்ட்டில் பணம் இல்லை. எந்த பேண்டை நம்புவது?
– ஆராய்ச்சி மாணவி, தரமணி

ஆர்டர் போடுவதற்கு முன் கைடிடம் கொஞ்சம் அவகாசம் கேளுங்கள். மூன்றில் இரண்டு பேண்ட் அநேகமாக நிஜம். டிஜிஎம்1 என்பது 817 அமினோ அமிலம் கொண்ட புரதம், கணக்குப்படி 90 கிலோடால்டன். அதன் ஒரு முனையில் கொழுப்பு அமிலங்கள் ஒட்டி அதைச் செல் சவ்வோடு கட்டிப்போட்டிருப்பதால் ஜெல்லில் கொஞ்சம் மேலே நின்றாலும் ஆச்சரியப்பட வேண்டாம். கெரட்டினோசைட் எனும் மேல்தோல் செல் முதிர முதிர இது 10, 67, 33 என்று மூன்று துண்டாக வெட்டப்படும். வெட்டுப்பட்டாலும் துண்டுகள் சவ்வில் ஒன்றாகவே உட்கார்ந்து, முன்னைவிட வேகமாக வேலை செய்யும். நீங்கள் எஸ்டிஎஸ் என்கிற டிடர்ஜென்ட் போட்டுக் கொதிக்கவைத்த பிறகுதான் அவை பிரிந்து தனித்தனியாக ஓடுகின்றன. ஆக, 67ஐப் பார்த்துவிட்டு 'சாம்பிள் கெட்டுப்போச்சு' என்று முடிவு கட்டாதீர்கள், செல் முதிர்ந்திருக்கிறது என்பதற்கு அது நல்ல அடையாளமாகக்கூட இருக்கலாம். 67 தெரியுமா, 33 தெரியுமா, இரண்டுமே தெரியாதா என்பது உங்கள் ஆன்டிபாடி புரதத்தின் எந்தப் பகுதியைப் பிடிக்கிறது என்பதைப் பொறுத்தது. டேட்டா ஷீட்டில் இம்யூனோஜென் (ஆன்டிபாடி தயாரிக்க எலிக்குக் கொடுத்த புரதப் பகுதி) என்ற வரியைத் தேடுங்கள். அமினோ அமில எண் போட்டிருந்தால் பாதிக் கேள்விக்கு அங்கேயே பதில் வந்துவிடும். 'முழு நீளப் புரதம்' என்று மட்டும் எழுதியிருந்தால் கம்பெனிக்கு மெயில் போட்டுக் கேளுங்கள், கேட்டால் பெரும்பாலும் சொல்லுவார்கள்.

50 பேண்டுக்கு வருவோம். முதலில் செகண்டரியை (உங்கள் பிரைமரி ஆன்டிபாடியின் மேல் ஒட்டி அதைக் காட்டிக்கொடுக்கிற ஆன்டிபாடி) மட்டும் போட்டு ஒரு பிளாட் ஓட்டுங்கள். இதைச் செய்யாமல் கட்டுரை எழுதுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவராக நீங்கள் ஆக வேண்டாம். அதிலும் 50 வந்தால் உங்கள் பிரைமரி மேல் எந்தப் பழியும் இல்லை. சுண்டெலித் தோலில் வேலை செய்திருந்தால், திசுவில் இருக்கிற எலியின் சொந்த ஆன்டிபாடியுடைய கனச் சங்கிலி சரியாக 50இல் வந்து நிற்கும், சுண்டெலிக்கு எதிரான செகண்டரி அதைப் பிடித்துக்கொள்ளும்; உங்களுடையது மனிதச் செல் என்பதால் அந்தச் சந்தேகம் இல்லை. இன்னொரு வாய்ப்பு டிஜிஎம்3. அது 77 கிலோடால்டனில் உற்பத்தியாகி, வெட்டுப்பட்டு 50, 27 என்று இரண்டாகும். இந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் வேலை செய்கிற நடுப்பகுதி ஒரே சாடை, அந்தப் பகுதியைக் காட்டித் தயாரித்த ஆன்டிபாடி அண்ணன் தம்பிகளையும் சேர்த்துப் பிடிக்கலாம்.

எனக்கு 50ஐவிட ஃபைப்ரோபிளாஸ்ட் லேன்தான் உறுத்துகிறது. அந்தச் செல்லில் டிஜிஎம்1 இருக்கக் காரணம் இல்லை, ஆனால் டிஜிஎம்2 தாராளமாக இருக்கும்: 687 அமினோ அமிலம், சுமார் 78 கிலோடால்டன். நீங்கள் பார்த்த மங்கல் அதுவாக இருந்தால், ஜெல்லைச் சரியாக ஓட்டாத ஒரு நாளில் டிஜிஎம்2ஐயே டிஜிஎம்1 என்று எழுதிவிட நேரும். இதைத் தீர்க்கப் பெரிய செலவு வேண்டாம். எச்இகே என்கிற மனிதச் செல்லில் டிஜிஎம்1 ஜீனைச் சுமக்கிற பிளாஸ்மிட் (டிஎன்ஏ வளையம்) போட்ட ஒரு தட்டு, டிஜிஎம்2 போட்ட ஒரு தட்டு, ஜீன் இல்லாத வெறும் வெக்டர் போட்ட ஒரு தட்டு, இந்த மூன்றையும் பக்கத்துப் பக்கத்தில் ஓட்டினால் ஆன்டிபாடியின் குணம் தெரிந்துவிடும். இன்னொரு பக்கம் ஹாகேட்டில் ஜீனை அடக்குகிற எஸ்ஐஆர்என்ஏ போட்டு டிஜிஎம்1ஐக் குறையுங்கள்: எந்த பேண்ட் மங்குகிறதோ அதுதான் உங்களுடையது, மங்காதது யாருடையதோ. 2016இல் ஒரு சர்வதேசக் குழு ஆன்டிபாடியைச் சோதிக்க ஐந்து வழிகளை எழுதி வைத்தது. ஜீனை அணைத்துப் பார்ப்பது, ஆன்டிபாடியே இல்லாத வேறொரு முறையோடு ஒத்துப்பார்ப்பது, வேறு பகுதியைப் பிடிக்கிற இரண்டாவது ஆன்டிபாடி போடுவது எல்லாம் அதில் வரும். ஐந்தையும் செய்தாக வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. உங்கள் சோதனைக்குப் பொருந்துகிற ஒன்றையாவது செய்யாமல் அனுப்பினால் ரெவ்யூவர் விடமாட்டார், விடவும் கூடாது.

செல் வளர்க்கும் விதத்தையும் ஒரு கண் பாருங்கள். கெரட்டினோசைட்டை முதிரச் செய்வது கால்சியம். 0.1 மில்லிமோலாருக்குக் கீழே வைத்தால் பெருகிக்கொண்டே இருக்கும், 1.2க்கு மேல் ஏற்றினால் முதிர ஆரம்பிக்கும். டிஎம்இஎம் என்கிற சாதாரண வளர்ப்பு மீடியத்திலேயே 1.8 இருக்கிறது! அதில் ஹாகேட்டை வளர்த்துவிட்டு 'கால்சியம் போடாத கன்ட்ரோல்' என்று ஒரு லேனுக்குப் பெயர் வைத்தால் அதற்கு அர்த்தமே இல்லை. கால்சியம் இல்லாத மீடியம் வாங்கி, சீரத்தையும் செலெக்ஸ் என்கிற ரெசின் வைத்துக் கால்சியம் நீக்கிப் பயன்படுத்த வேண்டும். ரெட்டினாயிக் அமிலம் டிஜிஎம்1ஐ அமுக்கி டிஜிஎம்2ஐ ஏற்றும், ஆகவே பக்கத்து மேசையில் யாராவது ரெட்டினாய்டு வேலை செய்கிறார்களா என்றும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் லைசிஸ், அதாவது செல்லை உடைக்கிற வேலை. இது சவ்வில் கட்டுண்ட புரதம் என்பதை மறந்துவிட்டு, மென்மையான பஃபரில் செல்லை உடைத்து, சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, மேலே நிற்கும் திரவத்தை மட்டும் எடுத்து ஓட்டிவிட்டு, புரதமே இல்லை என்கிறவர்கள் உண்டு. அவர்களுடைய டிஜிஎம்1 எல்லாம் கீழே பெல்லட்டோடு குப்பைக்குப் போயிருக்கும். டிரைட்டன் எக்ஸ்-100 போல ஒரு டிடர்ஜென்ட் தேவை. கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிற இடிடிஏ அல்லது இஜிடிஏ போடாமல் விட்டால், செல் உடைந்ததும் கால்சியம் கிடைத்த சந்தோஷத்தில் இந்த என்சைம் கண்ணில் பட்ட புரதத்தையெல்லாம் கோத்துவிடும், ஜெல்லின் கிணற்றிலேயே ஒரு கருப்புக் கறை நின்றுவிடும். ஐஸில் வையுங்கள், வேகமாக முடியுங்கள்.

இதெல்லாம் சரியாக வந்தாலும் உங்கள் பிளாட் ஒன்றே ஒன்றைத்தான் சொல்லும்: புரதம் அங்கே இருக்கிறது. அது கோக்கிறதா என்று ஆன்டிபாடிக்குத் தெரியாது. அதற்கு பயோட்டின் கடாவெரின் மாதிரி ஒரு அமீனைக் கொடுத்து, என்சைம் அதைப் புரதங்களில் கொண்டுபோய்ச் சேர்க்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும். 'டிஜிஎம்1 செயல்பாடு அதிகரித்தது' என்று தலைப்பு வைத்துவிட்டு உள்ளே வெறும் வெஸ்டர்ன் பிளாட் காட்டுகிற கட்டுரைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும்.

என் பேரன் பிறந்தபோது உடம்பு முழுக்க பிளாஸ்டிக் காகிதம் சுற்றியது போல இருந்தான். அது உரிந்து இப்போது பெரிய பெரிய செதிலாக இருக்கிறது. ஜீன் டெஸ்ட் எடுக்கச் சொல்கிறார்கள், செலவு அதிகம். நீங்கள் எழுதிய அந்த ஆன்டிபாடியை ஆன்லைனில் வாங்கிக் கொடுத்தால் பக்கத்து லேபில் பார்த்துச் சொல்வார்களா? கிரகணத்தன்று என் மருமகள் வெளியே போனதுதான் காரணம் என்று உறவில் சொல்கிறார்கள், அதற்கும் பதில் எழுதுங்கள்.
– ஒரு பாட்டி, திருவொற்றியூர்

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன் அம்மா. கிரகணத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, உங்கள் மருமகள் எந்தத் தப்பும் செய்யவில்லை. இந்த மாதிரி தோல் நோயில் பெரும்பாலும் அப்பாவிடமிருந்து ஒரு பழுதான பிரதி, அம்மாவிடமிருந்து ஒரு பழுதான பிரதி, இரண்டும் ஒரே குழந்தையிடம் வந்து சேர்ந்திருக்கும். தனித்தனியாக ஒரு பிரதி வைத்திருக்கிற அப்பா அம்மா இருவருக்கும் தோல் நன்றாகவே இருக்கும், அதனால் யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. தாய்மாமன், அத்தை மகன், மாமன் மகள் என்று சொந்தத்துக்குள் கட்டும்போது ஒரே பழுது இரண்டு பக்கமும் இருக்கிற வாய்ப்பு கூடுகிறது. உறவுக்காரர்கள் காரணம் பேசியே ஆக வேண்டும் என்றால் இதைப் பேசட்டும், அதிலும் யாரையும் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

பிளாஸ்டிக் காகிதம் என்று நீங்கள் சொல்வதை டாக்டர்கள் கொலோடியன் பேபி என்பார்கள். அப்படிப் பிறந்த சில குழந்தைகளுக்குத் தோல் பிறகு ஏறக்குறைய சரியாகிவிடும், சிலருக்குச் செதில் தங்கிவிடும். தங்குகிறவர்களில் பலருக்கு டிஜிஎம்1 ஜீனில்தான் கோளாறு. 1995இல் அதைக் கண்டுபிடித்தார்கள். ஆனால் இதே தோற்றத்தைக் கொடுக்கக்கூடிய வேறு ஜீன்களும் நிறைய இருக்கின்றன, பார்த்த மாத்திரத்தில் இதுதான் என்று யாராலும் சொல்ல முடியாது. ஜீன் டெஸ்ட் கேட்பது அதற்காகத்தான்.

ஆன்டிபாடி வாங்காதீர்கள். அந்தக் குப்பியின் மேலேயே 'ஆராய்ச்சிக்கு மட்டும்' என்று அச்சடித்திருக்கும். நோயாளிக்கு ரிசல்ட் கொடுக்கப் பயன்படும் பரிசோதனைப் பொருள்களுக்கு இங்கே 2017ஆம் ஆண்டு மருத்துவச் சாதன விதிகள் இருக்கின்றன, இந்தக் குப்பி அந்த வழியாக வந்ததல்ல. சட்டத்தை விடுங்கள், பேரனுக்கு அதனால் பதிலும் கிடைக்காது. தோலில் சிறு துண்டு எடுத்து இந்த ஆன்டிபாடியைப் போட்டு ஒன்றுமே தெரியாவிட்டால் டிஜிஎம்1 பக்கம் சந்தேகம் கூடும், அவ்வளவுதான். பளிச்சென்று தெரிந்துவிட்டால் டிஜிஎம்1 நன்றாக இருக்கிறது என்று அர்த்தமாகிவிடாது. ஜீனில் ஒரே ஒரு எழுத்து மாறி, புரதம் முழுசாக உற்பத்தியாகி, வேலை மட்டும் செய்யாமல் இருக்கலாம். ஆபீசில் நாற்காலியில் ஆள் இருக்கிறார், ஃபைல் மட்டும் நகரவில்லை என்பது போல. ஆன்டிபாடிக்குத் தெரிவது ஆள் இருப்பது மட்டும்தான்.

இதற்கு அசலான உதாரணம் ஒன்று இருக்கிறது, சென்னையில் இருக்கிற நமக்கு ரொம்பப் பொருத்தமானதும்கூட. டிஜிஎம்1இல் சில குறிப்பிட்ட மாற்றங்கள் வந்தவர்களுக்கு முதுகு, வயிறு, அக்குள், தலை என்று உடம்பில் சூடான இடங்களில் மட்டும் செதில் வரும், கை கால் ஏறக்குறைய தெளிவாக இருக்கும். நீச்சல் உடை போட்டால் மறைகிற இடங்களில் மட்டும் நோய் என்பதால் டாக்டர்கள் அதற்கு அப்படியே பெயரும் வைத்துவிட்டார்கள். தோலின் வெப்பத்தைக் கேமராவில் படம் பிடித்து ஒப்பிட்டு 2006இல் விளக்கினார்கள்: அந்த மாற்றம் உள்ள என்சைம் குளிர்ந்த இடத்தில் ஓரளவு வேலை செய்கிறது, சூடான இடத்தில் நின்றுவிடுகிறது.

பேரனுக்கு இப்போது முக்கியம் பராமரிப்பு. இந்தக் குழந்தைகளுக்கு வியர்வை சரியாக வெளியே வராது, மே மாத வெயிலில் உடம்பு சூடேறி மயங்கும் ஆபத்து உண்டு. ஈரத்துணி, ஃபேன், நிறையத் தண்ணீர், உச்சி வெயிலில் வெளியே அனுப்பாமல் இருப்பது எல்லாம் மருந்துக்குச் சமமாக முக்கியம். குளித்ததும் ஈரம் காய்வதற்குள் டாக்டர் சொன்ன களிம்பைத் தாராளமாகப் போடுங்கள். செதில் போக வேண்டும் என்று சாலிசிலிக் அமிலம் கலந்த களிம்பை யாராவது சிபாரிசு செய்தால், டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம், சின்னக் குழந்தையின் தோல் வழியாக அது ரத்தத்தில் ஏறி விஷமாகும். கீழ் இமை வெளிப்பக்கம் இழுத்துக்கொண்டிருந்தால் கண் டாக்டரிடமும் காட்டுங்கள். வைட்டமின் டி குறைவு இவர்களுக்கு அடிக்கடி வரும், அதையும் பார்க்கச் சொல்லுங்கள். சென்ட்ரல் எதிரே இருக்கிற ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது. ஜீன் டெஸ்டைச் செலவு குறைவாக எங்கே எடுக்கலாம், எப்போது எடுக்கலாம் என்று அங்கே விசாரியுங்கள். உங்கள் மகனும் மருமகளும் இன்னொரு குழந்தைக்கு ஆசைப்பட்டால் அந்த டெஸ்ட் கட்டாயம் உதவும். ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது, எந்த மாற்றம் என்று தெரிந்திருந்தால்தான் கர்ப்பத்தின் ஆரம்பத்திலேயே பரிசோதிக்க முடியும்.

நான் குரோம்பேட்டையில் தோல் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். நாங்களும் தோலில் புரதத்தைப் பிணைக்கிற வேலையைத்தானே செய்தோம்? இந்த என்சைம் பதனிடுகிற தோலில் இருக்குமா, உங்கள் ஆன்டிபாடியில் அது தெரியுமா?
– வாசகர், குரோம்பேட்டை

ஐயா, எல்லாக் கடிதங்களிலும் எனக்குப் பிடித்த கேள்வி இது. குரோம் லெதர் கம்பெனியால் பெயர் வந்த ஊரிலிருந்து வேறு யார் கேட்க முடியும்! பிணைப்பது என்றால் பிணைப்பதுதான், ஆனால் ஆளும் வேறு, இடமும் வேறு. நீங்கள் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் போட்டு முடி நீக்குகிறபோதே மேல்தோல் முழுக்கக் கரைந்து போய்விடுகிறது, டிஜிஎம்1 அதோடு சேர்ந்து கழிவுநீரில் போயிருக்கும். மிஞ்சி நிற்பது கீழே இருக்கிற உள்தோல், அதாவது கொலாஜன். குரோமியம் அந்தக் கொலாஜனின் கார்பாக்சில் குழுக்களைப் பிடித்துச் சேர்க்கிறது, என்சைம் செய்கிற குளூட்டமின் – லைசின் பிணைப்பு அங்கே இல்லை. ஆகவே முடிந்த லெதரில் இந்த ஆன்டிபாடி போட்டால் உண்மையான சிக்னல் வர வழியே இல்லை. ஏதாவது வந்தால் அது வெறும் ஒட்டல். அந்த வகையில் நெகட்டிவ் கன்ட்ரோலுக்கு நல்ல பொருள்தான், ஆனால் குரோம் தோலை மைக்ரோடோமில் வெட்டச் சொன்னால் லேப் டெக்னீஷியன் என்னைத் திட்டுவார்.

என் மகளுக்கு வயிற்றுக் கோளாறுக்காக 'டிடிஜி ஐஜிஏ' என்று ரத்தப் பரிசோதனை எழுதினார்கள். அதன் விரிவில் டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்று இருக்கிறது. தோல் என்சைமை ஏன் வயிற்றுக்குப் பார்க்கிறார்கள்?
– வாசகி, மேற்கு மாம்பலம்

அது டிஜிஎம்2, தோலில் இருக்கிற டிஜிஎம்1க்குச் சொந்தக்காரர். இன்னொரு வித்தியாசமும் உண்டு. இதுவரை நாம் பேசியது, என்சைமைத் தேட வெளியே தயாரித்த ஆன்டிபாடி. உங்கள் மகளின் பரிசோதனையில் தேடுவது அவள் உடம்பே அந்த என்சைமுக்கு எதிராகத் தயாரித்துவிட்ட ஆன்டிபாடி இருக்கிறதா என்று. கோதுமையிலுள்ள குளூட்டன் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோயில் அது வரும், 1997இல் கண்டுபிடித்தார்கள். கோதுமைப் புரதத் துண்டுகளை டிஜிஎம்2 மாற்றிவிடுகிறது, மாறிய துண்டைச் சிலருடைய நோயெதிர்ப்புச் செல்கள் எதிரி என்று பிடித்துக்கொள்கின்றன, அந்த அமளியில் என்சைமுக்கும் அடி விழுகிறது.

ரத்தம் எடுப்பதற்கு முன்னால் கோதுமையை நிறுத்திவிடாதீர்கள், நிறுத்தினால் ரிசல்ட் பொய்யாக நார்மல் என்று வரலாம். மொத்த ஐஜிஏ (ஒரு வகை ஆன்டிபாடி) அளவையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஐஜிஏவே குறைவாக இருப்பவர்களுக்கு இந்த டெஸ்ட் ஏமாற்றும். சீலியாக் என்று உறுதியானால் இட்லி, தோசை, சோறு எல்லாம் பிரச்சினை இல்லாதவை. கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே வருவது பெருங்காயம், கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா கலந்திருக்கும். ரவா தோசையும் ஆகாது. முழங்கை, முழங்கால், பின்புறம் ஆகிய இடங்களில் பயங்கர அரிப்போடு கொப்புளம் வந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அது சீலியாக்கின் தோல் முகம், அங்கே அடிபடுவது தோல்காரரான டிஜிஎம்3.

ஆன்டிபாடி கொரியரில் வந்தபோது ஐஸ் பேக் எல்லாம் உருகி வெதுவெதுப்பாக இருந்தது. மே மாதம், வெள்ளிக்கிழமை மாலை. திருப்பி அனுப்பலாமா? எங்கள் ஃபிரீசருக்கு அடிக்கடி கரண்ட் வேறு போகிறது.
– லேப் ஸ்டோர் பொறுப்பாளர், போரூர்

போட்டோ எடுத்து அன்றைக்கே சப்ளையருக்கு அனுப்பி வையுங்கள், ஆனால் குப்பியைத் தூக்கி எறியாதீர்கள். சாதாரண ஐஜிஜி வகை ஆன்டிபாடி நாம் பயப்படுகிற அளவுக்கு மென்மையான புரதம் அல்ல, ஓரிரு நாள் வெப்பத்தைப் பெரும்பாலும் தாங்கிவிடும். பழைய குப்பியில் மிச்சம் இருந்தால் இரண்டையும் ஒரே சாம்பிளில் பக்கத்துப் பக்கம் ஓட்டிப் பாருங்கள், பேண்ட் சமமாக வந்தால் வைத்துக்கொள்ளுங்கள், லாட் எண்ணை நோட்டில் எழுதிவைக்கவும் மறக்க வேண்டாம். அடுத்த ஆர்டரை வாரத் தொடக்கத்தில் வந்து சேரும்படி போடுங்கள்.

வெப்பத்தைவிட ஆன்டிபாடியைக் கெடுப்பது திரும்பத் திரும்ப உறைந்து உருகுவதுதான். வந்த அன்றே சின்னச் சின்னக் குழாயில் பிரித்து மைனஸ் 20இல் வையுங்கள், ஒரு குழாயை எடுத்தால் மறுபடி ஃபிரீசருக்குள் போகக் கூடாது, ஃபிரிட்ஜில் வைத்தே தீர்க்க வேண்டும். பாதிக்குப் பாதி கிளிசரால் இருக்கிற பஃபர் என்றால் மைனஸ் 20இல் உறையவே உறையாது, கரண்ட் போகிற இடத்துக்கு அதுதான் உத்தமம். தானாகப் பனி நீக்கிக்கொள்ளும் வீட்டு ஃபிரிட்ஜின் ஃபிரீசரில் வைக்காதீர்கள், அது இடையிடையே சூடேறி இறங்கும். எச்ஆர்பி என்கிற என்சைம் ஒட்டிய செகண்டரியை உறைய விடாமல் 4 டிகிரியில் வைக்க வேண்டும், அதில் கெடாமல் இருக்கப் போடும் சோடியம் அசைடைப் போடவே கூடாது, அசைடு அந்த என்சைமை முடக்கிவிடும். அசைடு உள்ள திரவத்தை அப்படியே சிங்க்கில் ஊற்றுவதும் வேண்டாம். செம்பு, ஈயக் குழாயில் படிந்து வெடிக்கக்கூடிய உப்பாக மாறும், மனிதருக்கும் அது விஷம்.

டிஜிஎம்1 குறைந்தால் தோல் வறளும் என்கிறீர்கள். அந்த என்சைமையே கிரீமாகப் போட்டால் என்ன?
– வாசகர், அண்ணா நகர்

போடலாம், மேலேயே உட்கார்ந்திருக்கும். 500 டால்டனுக்கு மேற்பட்ட மூலக்கூறுகள் நல்ல தோலைத் தாண்டுவது கஷ்டம் என்பது தோல் மருந்துக்காரர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. இந்த என்சைம் 90,000. தாண்டினாலும் செல்லுக்கு உள்ளே போய்ச் சவ்வில் உட்கார்ந்தால்தான் வேலை. லிப்போசோம் என்கிற கொழுப்புக் குமிழியில் அடைத்து, நோயாளியின் செல்லிலிருந்து வளர்த்த தோலை எலியில் பொருத்தி, அதன் மேல் தடவிப் பலன் பார்த்த ஆராய்ச்சி வந்திருக்கிறது. அது செதில் நோய்க்கான மருந்து முயற்சி. கடையில் யாராவது 'டிரான்ஸ்குளூட்டமினேஸ் ஃபேஸ் கிரீம்' என்று நீட்டினால் அந்தக் காசுக்கு நல்ல தேங்காய் எண்ணெய் வாங்கிக்கொள்ளுங்கள்.

உணவுத் தொழில்நுட்பம் படிக்கிறேன். இறைச்சித் துண்டுகளை ஒட்டவைக்கவும் மீன் விழுதைக் கெட்டியாக்கவும் டிரான்ஸ்குளூட்டமினேஸ் போடுகிறார்களே, அது சேர்த்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத் தோழியின் லேபில் மிச்சமிருக்கிற டிஜிஎம்1 ஆன்டிபாடியைப் பயன்படுத்தலாமா?
– கல்லூரி மாணவர், காசிமேடு

முடியாது தம்பி. உணவில் போடுவது ஸ்டிரெப்டோமைசிஸ் மொபரென்சிஸ் என்ற பாக்டீரியாவிலிருந்து வருகிற என்சைம். வேலை ஒன்றுதான், வம்சம் வேறு: 331 அமினோ அமிலம், சுமார் 38 கிலோடால்டன், கால்சியமும் தேவையில்லை, மனித டிஜிஎம்1ஓடு வரிசையில் ஒற்றுமை கிடையாது. ஆன்டிபாடி பார்ப்பது வடிவத்தைத்தான், வேலையை அல்ல என்பதால் உங்கள் சாம்பிளில் அது ஒன்றையும் பிடிக்காது. அந்த பாக்டீரியா என்சைமுக்கே தயாரித்த ஆன்டிபாடி தேவை.

அதுவும் கிடைக்காவிட்டால் மேலே முதல் பதிலில் சொன்ன கடாவெரின் சோதனை செய்யலாம், ஆனால் மீன் தசையிலேயே மீனுடைய சொந்த டிரான்ஸ்குளூட்டமினேஸ் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள், மீன் விழுது தானாகக் கெட்டியாவதில் அதற்கும் பங்கு உண்டு. அதற்குக் கால்சியம் வேண்டும், பாக்டீரியாவுக்கு வேண்டாம். அதனால் ஒரே சாம்பிளை இரண்டாகப் பிரித்து ஒன்றில் இடிடிஏ போட்டுப் பாருங்கள், இடிடிஏ போட்ட பிறகும் வேலை நடந்தால் வெளியிலிருந்து சேர்த்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். சூடாக்கி விற்கிற பண்டத்தில் என்சைம் செத்திருக்கும், ஆகவே வேகவைக்காத சாம்பிளாகப் பார்த்து வாங்குங்கள்.